ஒரு சிட்டிகை மாங்கனீஸ்

1866-ம் வருடம். இங்கிலாந்தின் மேற்கு ஓரத்தில் ஃபாரஸ்ட் ஆஃப் டீன் என்று ஒரு காட்டுப் பிரதேசம். அங்கிருந்து ஒரு பெண் கிளம்பி லண்டனுக்கு வந்தாள். தன்னந்தனியாக. வயது 16. பெயர் மேரி மஷெட்.

நேரே அவள் போய் நின்ற இடம், ஹென்றி பெஸ்ஸமரின் அலுவலகம்.

பெஸ்ஸமர் அன்றைக்குச் சாதாரண ஆள் இல்லை. அவர் முறைக்கு லைசென்ஸ் வாங்கியவர்கள் உருக்கிய எஃகில் ஒரு பங்கு ராயல்டியாக அவர் கணக்குக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்த காலம். அவர் முன்னால் நின்று அந்தப் பெண் சொன்ன விஷயம் இதுதான். என் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. கடன் கழுத்தை நெரிக்கிறது. வீடு கையை விட்டுப் போகப் போகிறது. நீங்கள் கோடீஸ்வரர் ஆனது என் அப்பாவின் கண்டுபிடிப்பை வைத்துத்தான். ஆகவே நீங்கள் எங்களுக்குக் கடன்பட்டிருக்கிறீர்கள்.

பெஸ்ஸமர் அவளை விரட்டவில்லை. முதலில் சட்டம் பேசினார். பிறகு பணம் கொடுத்தார். சட்டம் அவர் பக்கம் இருந்தது என்றால் எதற்காகப் பணம்? பணம் கொடுக்க வேண்டியவர்தான் என்றால் எதற்காகச் சட்டம்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், கொஞ்சமும் எதிர்பாராத ஓர் இடத்தில் போய் நிற்போம். நம்மூர் பரங்கிப்பேட்டையில்.

அதற்கு முன்னால் கொஞ்சம் இரும்பு. பயப்படாதீர்கள். பத்தாம் வகுப்போடு கெமிஸ்ட்ரிக்கு முழுக்குப் போட்டுவிட்டு, பிளஸ் ஒன்னில் காமர்ஸ் குரூப்புக்கு ஓடியவன் நான். எனக்குப் புரிந்தால் உங்களுக்கு நிச்சயம் புரியும்.

உலையிலிருந்து முதலில் வருவது வார்ப்பிரும்பு. அதில் நூற்றுக்கு நாலு பங்கு கார்பன். கடினமானது, ஆனால் ஓங்கி அடித்தால் உடைந்துவிடும். கார்பனை அநேகமாக முழுக்க எடுத்துவிட்டால் தேனிரும்பு. உடையாது, வளைந்துவிடும். இரண்டுக்கும் நடுவில், ஒரு சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ கார்பன் நின்றால், அது எஃகு. கடினமும் உண்டு, உறுதியும் உண்டு. இந்த நடு இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவதுதான் பெரும்பாடு. 1850-கள் வரை ஷெஃபீல்டில் தேனிரும்புக் கம்பிகளைக் கரித்தூளில் புதைத்து நாள்கணக்கில் சூடேற்றி, பிறகு அதை உடைத்து மண் மூசையில் போட்டு உருக்கினார்கள். ஒரு மூசைக்குச் சில பத்து பவுண்ட் எடைதான் தேறும். கத்தி செய்யலாம், கடிகார ஸ்பிரிங் செய்யலாம். எஃகில் தண்டவாளம் போடுகிறேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

1856 ஆகஸ்டில் செல்டன்ஹாம் நகரில் நடந்த பிரிட்டிஷ் அசோசியேஷன் கூட்டத்தில் ஒருவர் நிஜமாகவே அப்படித்தான் சொன்னார். அவர்தான் பெஸ்ஸமர். இரும்புத் தொழிலில் பிறந்து வளர்ந்தவர் இல்லை. தங்க நிறப் பெயின்ட்டுக்கான வெண்கலப் பொடியை மெஷினில் தயாரித்துக் காசு பார்த்தவர். உருகிய வார்ப்பிரும்புக்குள் அடியிலிருந்து காற்றை ஊது, அவ்வளவுதான் என்றார். காற்றிலுள்ள ஆக்சிஜன் கார்பனை எரிக்கும். அந்த எரிப்பிலேயே சூடு ஏறும். தனியாக எரிபொருள் வேண்டாம். அரை மணி நேரத்தில் டன் கணக்கில் எஃகு. விறகே இல்லாமல் சாம்பார் கொதிக்கும் என்று சொன்ன மாதிரிதான். ஆனால் அவர் செய்து காட்டியிருந்தார். 'தி டைம்ஸ்' பத்திரிகை அவர் கட்டுரையை முழுசாக அச்சிட்டது. ஒரே மாதத்தில் லைசென்ஸ் விற்றே 27,000 பவுண்ட் திரட்டினார்.

பிறகு கதை கந்தலாயிற்று.

லைசென்ஸ் வாங்கிய ஆலைக்காரர்கள் ஆசை ஆசையாக ஊதிப் பார்த்தார்கள். வந்த உலோகம் சுத்தியல் பட்டதும் விரிசல் விட்டது. சூட்டில் உருட்டினால் ஓரமெல்லாம் பிய்ந்தது. பெஸ்ஸமர் தன் பரிசோதனைகளில் பயன்படுத்திய இரும்பு தற்செயலாக நல்ல இரும்பு, பாஸ்பரஸ் குறைந்தது. மற்றவர்கள் இரும்பு அப்படியில்லை. இது ஒரு சிக்கல். நல்ல தாதுவைத் தேடிப் பிடித்து இதை ஒருவாறு சமாளித்தார்கள். முழுத் தீர்வு வர 1870-களின் கடைசி ஆயிற்று. அது வேறு கதை.

இன்னொரு சிக்கல் இன்னும் மோசம். ஊதிய ஆக்சிஜன் கார்பனை எரித்ததோடு போகவில்லை. பந்தி முடிந்த பிறகும் எழுந்து போகாத விருந்தாளி மாதிரி இரும்புக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. கூடவே கந்தகம். அது இரும்போடு சேர்ந்து, மணிகளுக்கு நடுவே மெல்லிய படலமாகப் பரவி நிற்கும். சூடு ஏறியதும் அந்தப் படலம் மட்டும் முதலில் இளகும். சுவரில் செங்கல் நன்றாக இருந்து சாந்து மட்டும் கரைந்தால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. 'எரிந்துபோன இரும்பு' என்று பேர் வைத்தார்கள். பெஸ்ஸமர் பேரும் கூடவே எரிந்தது.

அந்த எரிந்த இரும்பில் ஒரு துண்டு, வேல்ஸில் உள்ள எப்பு வேல் ஆலை மூலமாக ராபர்ட் மஷெட்டிடம் வந்தது. மேரியின் அப்பா. இவர் பரம்பரை இரும்புக்காரர். தந்தை டேவிட் மஷெட் ஸ்காட்லாந்தின் பெரிய உலோக நிபுணர். மகனிடம் வெகுநாளாக ஒரு விசித்திரமான உலோகக் கட்டி இருந்தது. ஜெர்மனியின் ரைன் பகுதியில் கிடைத்தது. உடைத்தால் உள்ளே கண்ணாடி மாதிரி பளபளக்கும். ஜெர்மன்காரர்கள் அதற்கு வைத்த பேர் ஷ்பீகல் ஐசன், கண்ணாடி இரும்பு. 1848-ல் அதை மஷெட்டிடம் கொண்டுவந்து கொடுத்தவர் யார் தெரியுமா? வங்கித் தொழில் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர். அட, நம் இனம்!

அந்தக் கட்டியில் இரும்போடு நிறைய மாங்கனீஸும் கொஞ்சம் கார்பனும் இருந்தன. மஷெட் எரிந்த இரும்பை உருக்கி, அதில் கண்ணாடி இரும்பைச் சிறிதளவு போட்டார். வந்தது அசல் எஃகு.

என்ன நடந்தது என்பதைக் கோயமுத்தூரில் ஒரு ஃபவுண்டரியில் நின்று பார்த்தபோதுதான் எனக்கே விளங்கியது. உலையிலிருந்து உருகிய எஃகை லேடிலில் பிடிக்கிற சமயம், ஒருவர் சாம்பல் நிறக் கற்களை எடைபோட்டு வைத்திருந்து உள்ளே போட்டார். ஃபெர்ரோ மாங்கனீஸ். அதற்குப் பிறகு சில அலுமினியத் துண்டுகள். "இதைப் போடலேன்னா வார்ப்புல ஊசி குத்தின மாதிரி ஓட்டை ஓட்டையா வரும் சார்" என்றார். விஷயம் அவ்வளவுதான். மாங்கனீஸுக்கு இரும்பைவிட ஆக்சிஜன் மேல் பிரியம் அதிகம். அந்தப் போகாத விருந்தாளியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே மிதக்கும் கசடுக்குப் போய்விடும். கந்தகத்தையும் படலமாகப் பரவ விடாது. தன்னோடு சேர்த்து, எளிதில் இளகாத சின்னச் சின்ன உருண்டைகளாக ஆக்கிவிடும்.

மஷெட்டின் சாமர்த்தியம் இன்னொன்றிலும் இருந்தது. ஊதும்போது சரியான கார்பன் அளவில் நிறுத்துவது யாராலும் முடியாத காரியம். மஷெட்டின் வழியில் நிறுத்தவே வேண்டாம். மொத்தத்தையும் எரித்துத் தீர்த்துவிடு. பிறகு கண்ணாடி இரும்பைப் போடும்போது அதிலுள்ள கார்பன் எவ்வளவு தேவையோ அவ்வளவு உள்ளே போகும். உப்பு கூடிப்போன குழம்பைச் சரிசெய்வதைவிட, உப்பே போடாமல் வைத்துவிட்டுக் கடைசியில் அளந்து போடுவது சுலபம் இல்லையா?

1857 தொடக்கத்தில் டெர்பி ரயில் நிலையத்தில், போக்குவரத்து மிக அதிகமான ஓர் இடத்தில், மஷெட்டின் எஃகில் செய்த தண்டவாளம் ஒன்றைப் பொருத்தினார்கள். அங்கே அதற்கு முன் போட்ட இரும்புத் தண்டவாளங்களை ஆறு மாதத்துக்கு ஒரு முறை, சமயத்தில் மூன்றே மாதத்தில், மாற்ற வேண்டியிருந்தது. எஃகுத் தண்டவாளம் 16 வருடம் கிடந்தது.

இப்படி ஒரு காப்புரிமை கையில் இருந்தால் ஏழு தலைமுறை உட்கார்ந்து சாப்பிடலாம். மஷெட் 1856 செப்டம்பரிலேயே பதிவு செய்துவிட்டார். அன்றைய பிரிட்டிஷ் சட்டப்படி காப்புரிமை 14 வருடம் செல்லும். ஆனால் மூன்று வருடம் முடிவதற்குள் 50 பவுண்ட் ஸ்டாம்ப் டியூட்டி கட்ட வேண்டும். கட்டாவிட்டால் எல்.ஐ.சி. பாலிசி மாதிரி லேப்ஸ். ஆனால் எல்.ஐ.சி.யிலாவது கருணை காட்டிக் கொஞ்ச நாள் தருவார்கள். மஷெட்டின் காப்புரிமை டிரஸ்டிகள் கையில் இருந்தது. அவர் நோயில் கிடந்தார். 1859-ல் தேதி வந்தது, போயிற்று. யாரும் கட்டவில்லை. மறந்தார்களா, மறந்த மாதிரி இருந்தார்களா என்று இன்றைக்கு நாம் தீர்ப்பெழுத முடியாது. ஆனால் கணக்கு படித்தவன் என்கிற முறையில் ஒன்று சொல்கிறேன். ஐம்பது பவுண்ட் செலவில் பதினோரு வருட வருமானத்தைக் கோட்டை விட்ட வரவு செலவுக் கணக்கை நான் வேறெங்கும் படித்ததில்லை. பெஸ்ஸமருக்கு ராயல்டியாக வந்தது பத்து லட்சம் பவுண்டுக்கு மேல்.

இனி மேரி. அவளுக்கு பெஸ்ஸமர் சொன்ன பதிலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உன் அப்பாவுக்கு உரிமை உள்ள எதையும் நான் பயன்படுத்தவில்லை. அப்படி உரிமை இருந்தால் நாளைக்கே கோர்ட்டுக்குப் போய் என் ஆலையை நிறுத்தலாமே? எனக்கு ஏற்கெனவே இருந்த ஓர் உரிமையை, நான் பயன்படுத்தாமல் விட்டிருந்த உரிமையை, உன் அப்பாவின் காப்புரிமை எனக்குச் சுட்டிக் காட்டியது. அவ்வளவுதான்.

ஏற்கெனவே இருந்த உரிமையா? எப்படி வந்தது?

அங்கேதான் இன்னொருவர் வருகிறார். எஃகில் மாங்கனீஸ் சேர்ப்பது மஷெட்டுக்குப் பதினேழு வருடம் முன்பே வெளியான, ஊரறிந்த விஷயம் என்பது பெஸ்ஸமரின் கட்சி. தன் சுயசரிதையில் அந்த முன்னோடிக்காகப் பக்கம் பக்கமாக வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். அவர் பெயர் ஜொசையா மார்ஷல் ஹீத்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் சிவில் சர்வீஸில் இருந்தவர். சேலம் பக்கம் வேலை பார்த்தார். பறவை, விலங்கு என்று சேகரித்துக்கொண்டிருந்த மனிதருக்கு அங்கே இரும்புப் பித்துப் பிடித்தது. பிடிக்காமல் என்ன செய்யும்? கண் முன்னே கஞ்சமலை நிற்கிறது. ஊர் ஊராக நம் ஆட்கள் சின்ன மண் மூசையில் உருக்கு காய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள். அந்த உருக்கு வெளிநாட்டுக்காரன் வாயில் 'வூட்ஸ்' ஆகி உலகப் புகழ் பெற்றிருந்தது. மூசைக்குள் இரும்போடு என்ன போடுகிறார்கள் என்பதை ஹீத் உட்கார்ந்து கவனித்தார். 1839-ல் லண்டனில் வெளியான அவரது கட்டுரையில் அந்தச் செய்முறை இருக்கிறது. கார்பனுக்கு ஆவாரங்கட்டை. மேலே மூட எருக்க இலை. அளந்து சேர்த்தால் இரும்பின் குணம் மாறும் என்பதை, ரசாயனப் பெயரெல்லாம் தெரியாமலே, சேலத்துக்காரர் செய்து காட்டிக்கொண்டிருந்தார்.

ஹீத் வேலையை விட்டார். இங்கிலாந்து போய் இரும்புத் தொழில் கற்றார். கம்பெனியிடம் கடன் வாங்கி, 1830-ல் பரங்கிப்பேட்டையில் ஆலை தொடங்கினார். வெள்ளைக்காரன் பாணியில் பெரிய உலை. சேலத்துத் தாது பரிசலில் ஆற்றோடு இறங்கி வரும். இரும்பு கப்பலேறி ஷெஃபீல்ட் போகும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தாது எங்கேயோ, உலை எங்கேயோ. கரிக்காக மரம் வெட்டி வெட்டி மாளவில்லை. கடன் ஏறியது, லாபம் ஏறவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் அந்த ஆலை இல்லாமலே போய்விட்டது.

ஹீத் அதற்கு வெகு முன்பே இங்கிலாந்து திரும்பி ஷெஃபீல்டில் ஆராய்ச்சியில் இறங்கியிருந்தார். 1839 ஏப்ரலில் காப்புரிமை வாங்கினார். மூசையில் எஃகு உருக்கும்போது நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று பங்கு 'மாங்கனீஸ் கார்புரெட்' சேர்ப்பது. அதாவது மாங்கனீஸும் கார்பனும் சேர்ந்த பொருள். பலன் உடனே தெரிந்தது. அதுவரை விலை உயர்ந்த ஸ்வீடன் இரும்பில்தான் நல்ல மூசை எஃகு வரும். இப்போது மலிவான உள்ளூர் இரும்பே போதும். மூசை எஃகை இரும்போடு பற்றவைக்கவும் முடிந்தது. கத்தியின் அலகு எஃகு, காம்பு இரும்பு. ஷெஃபீல்டில் எஃகு விலை 30, 40 சதவீதம் இறங்கியது.

ஹீத் நல்ல மனிதர். இந்த ஊரில் நல்ல மனிதராக இருந்தால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. மாங்கனீஸ் கார்புரெட்டைத் தனியாகத் தயாரிப்பது செலவு. அதற்குப் பதில் கறுப்பு மாங்கனீஸ் ஆக்சைடையும் கரித் தாரையும் மூசைக்குள் போட்டால் உள்ளேயே கார்புரெட் உருவாகிவிடும். இந்தச் சிக்கன வழியைக் கண்டுபிடித்ததும் அவர்தான். லைசென்ஸ்காரர்களுக்குத் தன் ஷெஃபீல்ட் ஏஜென்ட் மூலம் சொல்லியும் கொடுத்தார். அந்த ஏஜென்ட் பெயர் உன்வின்.

உன்வின் என்ன செய்தார்? காப்புரிமையை எடுத்து வரி வரியாகப் படித்தார். அதில் இருப்பது மாங்கனீஸ் கார்புரெட். நான் போடுவது மாங்கனீஸ் ஆக்சைடும் தாரும். வேறு வேறு சாமான். ஆகவே உனக்கு ராயல்டி கிடையாது என்று சொல்லிவிட்டுத் தன் கடையை நடத்த ஆரம்பித்தார். ஷெஃபீல்டே பின்னால் போயிற்று.

தோசை சுட உரிமை உன்னுடையது, நான் அரிசியும் உளுந்தும்தானே வாங்கினேன் என்பது போன்ற வாதம். ஆனால் கோர்ட்டில் எடுபட்டது. ஹீத் வழக்குப் போட்டார். தோற்றார். மறுபடி போட்டார். ஒரு கோர்ட்டில் ஜெயித்தால் அடுத்த கோர்ட்டில் மேல்முறையீடு. நீதிபதிகளே இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். வருஷங்கள் ஓடின. கையிலிருந்த காசும் கூடவே ஓடியது. ஓட்டாண்டியாக ஹீத் செத்துப்போனார். அவர் போன பிறகும் வழக்கு சாகவில்லை. 1855-ல் பிரபுக்கள் சபை கடைசித் தீர்ப்பு சொன்னது. வெற்றி உன்வினுக்கு.

அடுத்த வருடம்தான் பெஸ்ஸமர் செல்டன்ஹாமில் கட்டுரை படித்தார். அதே வருடம்தான் மஷெட் மாங்கனீஸைக் கையில் எடுத்தார்.

சட்டப்படி பெஸ்ஸமர் பேசியதில் ஓட்டை கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. ஹீத்தின் மாங்கனீஸ் ஊர்ப் பொது, மஷெட்டின் காப்புரிமை காலாவதி. ஆனால் அன்றைக்கு அந்த அறையில் எதிரே நின்றது சட்டம் இல்லை, பதினாறு வயதுப் பெண். தெரியாமல் செய்த உதவிதான் என்றாலும் உதவி உதவிதான், அதற்குக் கடனாளியாக இருக்க எனக்கு விருப்பமில்லை என்கிற ரீதியில் பெஸ்ஸமர் பேச்சை மாற்றினார். உடனடிக் கடனை அடைக்கப் பணம் கொடுத்தார். பிறகு மஷெட்டுக்கு வருடம் 300 பவுண்ட் என்று ஏற்பாடு செய்தார். 1891-ல் மஷெட் இறக்கும் வரை அது தவறாமல் வந்தது. மொத்தம் 7,000 பவுண்டுக்கு மேல். பத்து லட்சத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் உன்வின் ஹீத்துக்குக் கொடுத்ததைவிட நிச்சயம் அதிகம்.

மஷெட் பாடம் கற்றுக்கொண்டார். 1868-ல் எஃகில் டங்ஸ்டன் சேர்த்து, தண்ணீரில் தோய்க்காமலே தானாக இறுகும் வெட்டுக்கருவி எஃகைக் கண்டுபிடித்தபோது, காப்புரிமை ஆபீஸ் பக்கமே போகவில்லை. ரகசியமாக வைத்துக்கொண்டார். கலவைச் சாமான்கள் சுற்றுவழியில் காட்டுக்கு வரும், அங்கேயே கலப்பார்கள், கலந்தது ஷெஃபீல்ட் போகும். போட்ட பொருள் என்ன என்பது வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டார்.

1876-ல் அவருக்கு இரும்பு எஃகுத் துறையின் மிகப் பெரிய கௌரவம் கிடைத்தது. தங்கப் பதக்கம். அந்தப் பதக்கத்தின் பெயர், பெஸ்ஸமர் பதக்கம்.

ஹீத்துக்கு அதுவும் இல்லை. மெட்ராஸில் இருந்த காலத்தில் அவர் சேகரித்து அனுப்பிய பிராணிகளில் ஒரு வௌவால் இருந்தது. வயிற்றுப் பக்கம் மஞ்சளாக இருக்கும். 1831-ல் லண்டனில் அதற்குப் பெயர் வைத்தவர், ஸ்கோட்டோஃபிலஸ் ஹீத்தை என்று வைத்தார். இன்றைக்கும் அதே பெயர்தான். நம் பக்கத்தில் சகஜமான வௌவால். பொழுது சாய்ந்ததும் தெருவிளக்குப் பக்கம் பறக்கும்.